நூலளவு

வூச் நகரத்தில், நெசவாலையாக இருந்த கட்டடம்.
மூன்றாம் மாடி, செவ்வாய்க்கிழமை, ஏழு மணி.
வெந்நீர்க் குழாய் முனகும் சுவரோரம்
ஒரு மரப்பெட்டி. அதன்மேல் நான்.
அசையாதிருக்க மணிக்கு அறுபது ஸ்வோட்டி.

பகலில் கொரியர் கிடங்கில்
பெட்டிகளை அளப்பவள்.
நீளம், அகலம், உயரம், உடையக்கூடியதா.
இங்கே என்னை அளக்கிறார்கள்.

பதினோரு பேர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்
குறிபார்ப்பவர்களைப் போல.
நீட்டிய கையில் பென்சில்,
அதன்மேல் ஊர்ந்து இறங்கும் கட்டைவிரல்.
என் தலையை எடுத்து
என்மேலேயே அடுக்கிப் பார்க்கிறார்கள்:
மோவாயிலிருந்து மார்புக்கு ஒன்று,
மார்பிலிருந்து தொப்புளுக்கு ஒன்று,
அப்படியே இறங்கிப் பாதம் வரை.
எண்சாண் உடம்பு என்று சொல்லிக்கொள்ளலாம்.
"ஏழு தலைதான் வருகிறது," என்கிறாள் ஜன்னலோரத்துப் பெண்,
தராசில் மீன் குறைந்துவிட்டது போல.

இடது பாதம் மரத்துப்போய்
என்னுடையதில்லாமல் ஆகிறது.
கரித்துண்டுகள் தாளை உரசும் சத்தம்;
எங்கோ எலி கொறிப்பது போல.

இடைவேளையில்
அங்கியைச் சுற்றிக்கொண்டு சுற்றிவந்தேன்.
பதினோரு நான்கள்.
எல்லாம் சரியாகவே இருந்தன:
தலையின் பாதி உயரத்தில் கண்,
புருவத்துக்கும் மூக்கடிக்கும் இடையில் காது,
தொடையின் நடுவில் வந்து நிற்கும் விரல்நுனி.
என்னைத்தான் காணோம்.

பல் மருத்துவர் போகுமில்லின் தாளில் மட்டும்
ஹல்ஷ்கா இருந்தாள்.

என் அக்கா.
அம்மாவின் ஃபிளாட்டை விற்ற வருடம்
படிக்கட்டில் கடைசியாகப் பார்த்தது.
ஆறு வருடம். இல்லை, ஏழு.

"தப்பாகிவிட்டது," என்றார் அவர்.
"இரண்டு கண்களுக்கும் நடுவே
இன்னொரு கண் படுக்க இடம் விடவேண்டும்.
ஒரு நூல் குறைத்துவிட்டேன்."

ஒரு நூல்.
ஒரே அச்சு என்பார்கள் எங்களை.
அவளுக்குக் கொஞ்சம் நெருக்கமான கண்கள்,
எப்போதும் எதையோ கணக்குப் பார்ப்பது போல.

அழிக்காதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் ரப்பர் போய்விட்டது
இடது கண்மேல்.
ஒரு நூல் தள்ளி வரைந்தார்.
நான் வந்துவிட்டேன்.
அச்சு அசல் நான்,
தூக்கம் கெட்ட கண்ணோடு.

ஈசல் தட்டில் ரப்பர் துகள்கள்.
அவர் ஊதிவிட்டார்.

மறுபடி பெட்டிமேல் ஏறினேன்.
அதே கால், அதே கை,
தரையில் சுண்ணாம்புக்கட்டியால் குறித்த அதே இடம்.
மோவாயை மட்டும் சற்றே தூக்கி
கண்களைச் சுருக்கிக்கொண்டேன்,
ஃபிளாட்டின் விலை கேட்ட அன்று அவள் நின்றது போல.

"தலை," என்றார் போகுமில்,
கட்டைவிரலைப் பென்சிலில் நகர்த்தியபடி.
"தலை முன்பு இப்படி இல்லையே."

நான் அசையவில்லை.
அசையாதிருக்கத்தானே காசு.