பூ இல்லாத படை

எரிகூரில் பஸ்ஸை விட்டிறங்கிப்
பாலத்தில் நிற்கிறேன்.
லிசேன் ஆறு என்கிறது பலகை.
பலகை இல்லாவிட்டால் வாய்க்கால் என்றிருப்பேன்.
ஓடிவந்து தாண்டினால்
ஒரு சப்பாத்து நனையும், அவ்வளவுதான்.

இதன் கரையில்தான்
மூன்று நாள் நின்றது ஒரு படை.
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று,
தை பிறந்து சில நாள்.
வழி பிறக்கும் என்று அவர்களுக்கு
யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கட்டளை சின்னது.
பெல்ஃபோர் முற்றுகையை உடை,
படையை இழந்துவிடாதே.
எங்கள் வானொலிகள் இதை
மட்டுப்படுத்தப்பட்ட தாக்குதல் என்று வாசிக்கும்.
மட்டு எது என்று வாசிப்பதில்லை.
இங்கே அது இடுப்பளவு நீர்.
எதிர்க்கரைக்காரர் பனிக்கட்டியை
இரவிரவாய் உடைத்துவைத்த நீர்.

நகரத்து நிலவறையில் ஓர்த்தான்ஸ் இருந்தாள்.
பெயர் நான் வைத்தது,
வேலையும் நான் கொடுத்தது:
ஆஸ்பத்திரித் துணி அவிப்பது.
அம்மைக்காரர் துணி தனி,
காய்ச்சல்காரர் துணி தனி.
செத்தவர் துணியில் நல்லதாய் மூன்று சட்டை
ஒளித்துவைத்திருந்தாள்,
வந்து சேர்பவர்களுக்கென்று.

ஞாயிற்றுக்கிழமை கேட்டது.
ஆறு வாரமாய்த் தலையில் விழுந்த சத்தம் அல்ல,
தென்மேற்கே,
வேறு யாரோடோ பேசும் சத்தம்.
நம்முடையவை, என்றான் ஓடு வேய்பவன்.
எறிகணை விழும் என்பதை மறந்து
எல்லோரும் மதிலில் ஏறினார்கள்.

இருட்டியபின் வானம் மின்னியது.
ஓர்த்தான்ஸ் எண்ணினாள்.
முப்பத்தேழில் வந்தது முழக்கம்.
மறுநாள் முப்பத்துமூன்று.
நாலு செக்கன் கிட்டே வந்துவிட்டார்கள்!
சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டாள்.
அவை பலகைபோல் விறைத்துக்
கைவிரித்து நின்றன.

மூன்றாம் இரவு மறுபடி முப்பத்தேழு.

பள்ளியில் படித்திருக்கிறேன்:
மதிலை வளைப்பவன் சூடுவது உழிஞை,
மதிலைக் காப்பவன் சூடுவது நொச்சி.
வெளியிலிருந்து மீட்க வருபவனுக்கு
என்ன பூ, ஐயா?
அன்று கேட்கத் தோன்றவில்லை.
கப்பல் வருகிறதாம் என்று
பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி சொல்லியனுப்பிய இரவுகளில்
தோன்றியது.
இலக்கணம் செய்தவர்கள்
அப்படி ஒருவன் வந்து பார்த்ததில்லை போலும்.

நான்காம் நாள் படை திரும்பியது.
தாள் வைத்துத் தைத்த சப்பாத்துகளோடு
ஜூரா மலைப் பனியில் நடந்து,
சுவிஸ் எல்லையில் துப்பாக்கிகளைக் குவித்துவிட்டு
வெறுங்கையோடு அப்பால் போனது.
அந்த எல்லையைத் தாண்ட முடிந்தது.

ஓர்த்தான்ஸுக்கு இது தெரியாது.
மின்னல் இல்லாமலே
எண்ணிக்கொண்டிருந்தாள்.
நூறு, நூற்றைம்பது.
பனி முழக்கத்தை விழுங்கிவிட்டது என்றார்கள்,
காற்று மாறிவிட்டது என்றார்கள்.
இருநூற்றுப் பத்தில் இறங்கிப்போய்
சட்டைகளைக் கட்டுத்துணியாய்க் கிழித்தாள்.
விறைத்த துணி நேராய்க் கிழியாது.

பெல்ஃபோர் பஸ் வருகிறது.
இருபத்தைந்து நிமிடம்,
ஒருவரும் மறிக்கமாட்டார்கள்.
பின்னிருக்கையில் ஒரு பையன்
சிப்ஸ் சாப்பிடுகிறான்.
நான் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.
முப்பத்தேழு வருமுன்
யாரோ மணியை அழுத்துகிறார்கள்.
கதவு திறக்கிறது. குளிர் மட்டும் ஏறுகிறது.