உலோகம் இல்லாமல் உள்ளே

வியந்தியானில் விழா.
நாடுகளுக்கிடையே நட்பையும் அமைதியையும் வளர்த்ததற்காக
அரசு தந்த பதக்கம்
இரவுப் பேருந்தில் பதினோரு மணி நேரம்
சட்டைப்பையில் குலுங்கி வந்து
காலை ஆறுக்கு
என் நீலப் பிளாஸ்டிக் டப்பாவில் விழுந்தது.

விதி அப்படி.
சிவப்புக் குச்சிகளைத் தாண்டுகிற எவரிடமும்
குண்டூசி அளவுகூட இரும்பு இருக்கக் கூடாது.
பெல்ட் கொக்கி, சில்லறை, சாவிக்கொத்து,
வன்னிதாவின் காதுவளையம்,
புதுமாப்பிள்ளை சொம்பூ
தினமும் சோப்புப் போட்டுக் கழற்றும் மோதிரம்
எல்லாம் எண் போட்டு வாங்கி வைப்பவள் நான்.
பெயர்: தெண்டெகாய்.
பொருள் என்ற கட்டத்தில் கொஞ்சம் தயங்கி,
'வட்டமானது, ஒன்று' என்று எழுதினேன்.

ஜிம்பாப்வேக்காரர்.
அவர் ஊர் எல்லையோரம்;
அங்கேயும் யாரோ புதைத்துவிட்டு மறந்தார்கள்.
அப்பாவின் மாடுகள் மூன்று போயின,
பிறகு அப்பாவின் கால்.
இதைச் சொன்னது அவரில்லை,
சமையற்கட்டில் வன்னிதா.
எங்கள் மொழியில் அவருக்கு நாற்பது சொல் தெரியும்.
பாதி, 'நில்' என்பதை நிதானமாகவும்
அவசரமாகவும் சொல்கிற விதங்கள்.
ஒன்று, 'மிளகாய் போதும்'.

அன்றைக்குப் பார்த்துக் கருவியைச் சோதிக்கிற துண்டு
பக்கத்து ஊர் வண்டியில் போய்விட்டது.
பதக்கத்தையே தரையில் வைத்துப் பார்த்தால் என்ன
என்றான் சொம்பூ, பாதி விளையாட்டாக.
தெண்டெகாய் சிரிக்கவில்லை.
இது பெரிசு, என்றார்.
இதற்குச் செவிட்டுக் கருவியும் கத்தும்.
வண்டி திரும்பும்வரை ஒன்றே முக்கால் மணி நேரம்
எல்லோரும் புல்லில் உட்கார்ந்திருந்தோம்.

நிலத்துக்காரர் சோங் நெங் வந்தார்.
வெள்ளரி போட இரண்டு வருடமாகக் காத்திருப்பவர்.
டப்பாவுக்குள் எட்டிப் பார்த்து
பதக்கத்தைக் கையில் எடை பார்த்தார்.
பித்தளையா? கிலோ என்ன போகும்?
பழைய இரும்பு விற்றுத்தான்
மகளுக்குப் பள்ளிச் சீருடை வாங்கியவர்,
கேட்கிற உரிமை அவருக்கு உண்டு.
எனக்கு விலை தெரியவில்லை.

மதியத்துக்குள் கருவி பத்தொன்பது முறை அழுதது.
ஆணிகள். ஒரு கரண்டி.
மீன் டப்பாவின் மூடி, பிறகும் ஆணிகள்.
பதினெட்டாவது
ஆரஞ்சுப் பழம் அளவு,
நான் பிறப்பதற்குப் பதினாறு வருடம் முன்பு
வானத்திலிருந்து விழுந்து
வெடிக்க மறந்தது.
தெண்டெகாய் வயிற்றில் படுத்து
ஒரு கரண்டி மண், இன்னொரு கரண்டி மண்.
நான்கு மணிக்கு அதை வெடித்தோம்.
எருமைகள் ஒரு முறை தலை தூக்கிவிட்டுத்
திரும்ப மேய்ந்தன.

மாலையில் வரிசையாக வந்து வாங்கிக்கொண்டார்கள்,
காதுவளையம், சில்லறை, மோதிரம்.
தெண்டெகாய் கொக்கியை மாட்டினார், சாவியை எடுத்தார்,
முழங்கால் மண்ணைத் தட்டியபடியே
வண்டியில் ஏறிவிட்டார்.
டப்பாவில் ஒன்று மிச்சம்.
கூப்பிட வாய் திறந்தேன்.
பிறகு விட்டுவிட்டேன்.
காலையில் எப்படியும்
கழற்றத்தானே வேண்டும்.