விலக்கு

புதுச் சட்டம் வந்த வாரம்
ஓட்டுநர்கள் குழுவில் ஒரு செய்தி சுற்றியது:
பிள்ளைகளுக்கான இருக்கை
வாடகை வண்டிகளுக்குக் கட்டாயமில்லை.
கைதட்டும் பொம்மைகள் நாற்பதுக்கு மேல்.
ஒன்று என்னுடையது.

அந்த மாதக் கடைசியில்
ஜெலுத்தோங் விரைவுச்சாலையில்
முன்னால் போன சிமெண்ட் லாரி திடுமென நிற்க
பிரேக்கின் மேல் ஏறி நின்றேன்.
பின்சீட்டில் இருந்த தர்பூசணி
பறந்து வந்து
கியர் கம்பில் பிளந்தது.
எடை போட்டு வாங்கியது,
மூன்று கிலோ இருநூறு.
விலக்கு உண்டென்று
அதற்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.
விதைகள் இன்னமும் அகப்படுகின்றன
தரைவிரிப்பின் அடியில்.

புக்கிட் மெர்தாஜாமில் ஒருத்தி
மகன் வளர்ந்துவிட்டான் என்று
அறுபது ரிங்கிட்டுக்குக் கொடுத்தாள்,
மடிப்புகளில் பிஸ்கட் தூளோடு,
கைப்பிடியில் பாதி உரிந்த டைனோசரோடு.
முதுகில்லாத, உயர்த்தி உட்காரவைக்கிற வகை.
கவிஷ்னா அதைச் சுற்றி வந்தாள்.
"எனக்கா?"
உனக்கில்லை, நீ கோட்டைத் தாண்டியாச்சு.
"அப்ப யாருக்கு?"
தெரியாதும்மா. ஏறுகிறவர்களுக்கு.

பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில்
அது பின்பெட்டியை அடைத்துக் கிடந்ததால்
தன் மூன்றாவது பெட்டியை
மடியில் வைத்துக்கொண்டு வந்தவர்
இறங்கியதும் ஒரு நட்சத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டார்.
"மடியிலேயே இருக்கட்டும்க்கா,
பக்கத்துலதானே, பத்து நிமிசம்."
தாய்மார்கள் எல்லாரும்
பத்து நிமிடத் தொலைவிலேயே குடியிருந்தார்கள்.
வற்புறுத்த நான் யார்.
சட்டம் அவர்கள் பக்கம்.

ஒரே ஒருவன், குர்னியில் ஏறியவன்,
ஐந்து வயதிருக்கும்,
அம்மா தடுப்பதற்குள் தானே அதில் ஏறி அமர்ந்தான்.
தஞ்சோங் தோக்கோங் வளைவில்
மலாயில் கேட்டான்:
கடல் இத்தனை நாளும் இங்கேயா இருந்தது?

கிரீன் லேன் சிவப்பு விளக்கில்
பக்கத்தில் வந்து நின்றது ஒரு மோட்டார் சைக்கிள்.
அப்பா, அம்மா,
நடுவில் பள்ளிப்பையை மார்பில் மாட்டிய சிறுமி.
யாரோ பெரியவரின் ஹெல்மட்
அவள் தலையில் தன் பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.
அன்று இருக்கை பின்சீட்டில்தான் இருந்தது,
காலியாக.
அவள் அதைப் பார்த்தாள்.
நான் விளக்கைப் பார்த்தேன்.
இந்தச் சட்டம் நான்கு சக்கரத்தில் தொடங்குகிறது.
இரண்டு சக்கரத்தில்
தூறல் தொடங்கியிருந்தது.

பிறகு அந்த ஞாயிறு.
பொது மருத்துவமனை வாசல்.
இருபத்தைந்து வயதுக்குள் இருவர்,
மூன்று பிளாஸ்டிக் பை, ஒரு வெந்நீர்க் குடுவை,
துணிச் சுருளுக்குள் ஒரு நெற்றி.
போக வேண்டியது பிறை.
பாலத்துக்கு அந்தப் பக்கம்.
பின்பெட்டியைத் திறந்தேன்.
மூடினேன்.
என்னிடம் இருந்தது
உட்காரத் தெரிந்தவர்களுக்கானது.
"எத்தனை கிலோ?" என்றேன்,
வேறென்ன கேட்பது.
"மூணு இருநூறு" என்றான் அவன்,
தானே தூக்கி நிறுத்துப் பார்த்தவன்போல.

வானொலியை அணைத்தேன்.
இடது ஓரம். நாற்பது.
வெறிச்சோடிய பாலம்.
கடந்துபோக அவ்வளவு இடமிருந்தும்
ஒவ்வொருவனும் ஹாரனை அழுத்திவிட்டே போனான்.
ஒரு டேங்கர் போனபோது கண்ணாடிகள் அதிர்ந்தன.
"காருக்கு ஏதும் பிரச்சினையாக்கா?"
கார் நல்லாத்தான் இருக்கு, தம்பி.

மேல்கண்ணாடியில் அவள் கைகள் தெரிந்தன:
வளையலுக்குக் கீழே மருத்துவமனைப் பட்டை,
விரல்கள் கோத்து,
கோத்த இடம் வெளுத்து.
அந்த முடிச்சு எவ்வளவு தாங்கும் என்று
எனக்குத் தெரியும்.
அவளிடம் சொல்லவில்லை.
குழந்தை ஒருமுறை கொட்டாவி விட்டது.

பிறையில் இறக்கிவிட்டதும் செயலி கேட்டது:
பயணம் தாமதமானது ஏன்?
நான்கு விடைகளை அதுவே தந்திருந்தது.
நான்கையும் இருமுறை படித்தேன்.
போக்குவரத்து நெரிசல் என்பதை
அழுத்தினேன்.