நான்கு மில்லிமீட்டர்

கௌடா நகரின் இந்தத் தெருவில்
மேசைக்கால் ஒவ்வொன்றின் கீழும் ஏதாவது இருக்கும்.
மடித்த ரயில் சீட்டு, பீர் அட்டை.
எங்கள் வீட்டில் ஒரு டோமினோ கட்டை.
சதுப்பின் மேல் கட்டிய ஊர்,
இறங்கிக்கொண்டே இருக்கிறது.
கை தவறிய கோலிக்குண்டு
வழி கேட்காமல் அடுப்படிக்குப் போகும்.

இந்த வீட்டுக்குத்தான் கேஸ்கா
ஆயிரத்து இருநூறு லிட்டர் அக்ரிலிக் தொட்டியை
வாங்கி வந்தாள்,
மூடிவிட்ட ஒரு சீன உணவகத்திலிருந்து.
ஆறு பேர் தூக்கினோம்.
பக்கிள் உரசினாலே கீறல் விழும் என்று
யெல்மர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு வந்தான்.
பிறகு ஒரு கையால் தொட்டியையும்
மறு கையால் கால்சட்டையையும்
வாசல் முழுக்கப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

எனக்குக் கண்ணாடித் தொட்டிதான் பழக்கம்.
நாலு விளிம்பும் உட்கார்ந்தால் போதும்,
நடுவயிறு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.
அந்தத் தைரியத்தில்
வெறும் இரும்புச் சட்டத்தின் மேல் வைத்தேன்.

முந்நூறு லிட்டர் போனதும்
கேஸ்கா சட்டத்தின் அடியில் மல்லாந்து படுத்து
டார்ச் அடித்துப் பார்த்தாள்.
"தொப்பை போடுகிறது."

அக்ரிலிக் சட்டென்று உடையாதாம்.
கொஞ்சம் கொஞ்சமாக ஒத்துக்கொள்ளுமாம்.
ஒத்துக்கொண்டே போய்
ஏதோ ஒரு புதன்கிழமை
ஒட்டிய மூட்டில் விட்டுவிடுமாம்.
தொட்டியைப் பற்றித்தான் சொன்னாள்.
நான்தான் ஏனோ
அவள் முகத்தைப் பார்த்தேன்.

வடித்தோம்.
சட்டம் முழுவதும் தடித்த ஒட்டுப்பலகை,
பலகை முழுவதும் நுரை அட்டை.
ஒரு விரலளவு இடம்கூட
அந்தரத்தில் தொங்கக் கூடாது.
நான் டோமினோவை எடுத்துக்கொண்டு
தொட்டியின் மூலைக்குப் போனேன்.
மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.
"அங்கே அல்ல. ஸ்டாண்டின் காலுக்குக் கீழே.
தொட்டிக்குக் கீழே வைத்தால்
அதன் பெயர் முட்டு இல்லை, ஆப்பு."

ரசமட்டத்தை வைத்தேன்.
குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில்
நல்ல பிள்ளையாக நின்றது.
நானூறு லிட்டர்.
இடது மூலையில் ஸ்கேலை வைத்தாள், வலது மூலையில் வைத்தாள்.
நான்கு மில்லிமீட்டர்.
"குமிழி சரியாகத்தானே இருந்தது?"
"போன வருடம் மாடிப்படியிலிருந்து
இதைக் கீழே போட்டது யார்?"

நீரோடு வாதாட முடியாது.
அது எங்கே நின்றாலும் மட்டமாகத்தான் நிற்கும்.
சாய்ந்தது நாங்கள்.

இரவு பதினோரு மணிக்கு மறுபடி வடித்தோம்.
குழாய் வழியாகத் தெருச் சாக்கடைக்கு
நல்ல தண்ணீர் போவதை
எதிர்வீட்டுக்காரர் திரைச்சீலையை விலக்கி
கடைசி லிட்டர் வரை பார்த்தார்.
ஜாக்கி வைத்துச் சட்டத்தை உயர்த்தி
பிளாஸ்டிக் தகடுகளை ஒவ்வொன்றாகச் சொருகினோம்.
நாங்கள் பேசிக்கொண்டது
"இன்னும்", "போதும்", "இல்லை, இன்னும்" மட்டுமே.
பல மாதங்களுக்குப் பிறகு
அவ்வளவு பேசினோம்.

விடியும்போது நிரம்பியிருந்தது.
ஸ்கேல் இரண்டு மூலையிலும்
ஒரே எண்ணைச் சொன்னது.
மீன் இன்னும் இல்லை.
அசையாத ஒரு நேர்கோடு மட்டும்
அறையின் குறுக்கே.

அப்போதுதான் கண்ணில் பட்டது.
ஜன்னல் சாய்ந்திருக்கிறது.
கதவு நிலை சாய்ந்திருக்கிறது.
எங்கள் கல்யாணப் படத்தை
ஒன்பது வருடமாக
சுவரோடு ஒத்துப்போக மாட்டியிருக்கிறோம்.

கேஸ்கா எழுந்து போய்
படத்தைத் தொட்டாள்.
திருத்தவில்லை.
தொட்டியின் நீர்மட்டத்தில் இரு மூலையிலும்
டேப் ஒட்டி, பென்சிலால் கோடு கிழித்து,
தேதி போட்டாள்.

"மார்ச்சில் மறுபடி அளக்கணும்," என்றாள்.
டோமினோ என் பையில் இருந்தது.
மேசை ஆடிக்கொண்டிருந்தது.
காபி வைத்தேன்.