அரைப் பேர்

ஒன்பதுக்கு மேல் சொல்லாது இந்தத் திரை.
முந்நூறு இருக்கையும் காலியாய்க் கிடந்தாலும்
ஒன்பது என்றுதான் காட்டும்.
எட்டுக்கு இறங்கினால்தான்
உண்மையாக எண்ணத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம்.
இதை மருதவீரனுக்கு விளங்கப்படுத்த
எனக்கு இரண்டு பிளேன்டீ செலவு.

ஹட்டனில் புடவைக்கடைக்கு மேல் மாடி.
மழை இறங்கினால் இணையம் நொண்டும்.
பொகவந்தலாவை பஸ்ஸில் வந்து
குடையை வாசலில் சாத்திவிட்டுக் கேட்பார்:
"இருக்குதா தங்கச்சி?"

பதினாலாந் திகதி ஏழு பேர்ச் காணி உறுதிக்குக் கையெழுத்து.
புருசன் பெஞ்சாதி இரண்டு பேரும் நேரில் வர வேண்டும்.
பத்மதேவியின் டிக்கெட்டோ இருபத்தெட்டுக்கு,
குவைத்திலிருந்து.

வை ஒன்பது. எம் ஒன்பது. கே நாலு. எல் பூச்சியம்.
ஒரே விமானம், ஒரே வால், ஒரே சோற்றுப் பெட்டி,
எழுத்துக்கு எழுத்து விலை வேறு.
அவளுடையது எல்.
எல்லில் இடம் கிடைத்தால் தண்டம் மட்டும்.
கே என்றால் தண்டமும் வித்தியாசமும்;
கூட்டிச் சொன்னேன்.
கூரைத் தகரம் அத்தனையும் அந்தத் தொகைக்குள் இருந்தது.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.
"ஒரே செடியில பறிச்ச கொழுந்து,
டஸ்ட் ஒரு வெல, பி.ஓ.பி. ஒரு வெல,
அப்படித்தானே?"
அப்படித்தான் என்றேன்.
அதற்குப் பிறகு நான் எதையும் விளங்கப்படுத்தவில்லை.

பத்தாந் திகதிச் சம்பளத்துக்கு முன்னால்
கையில் காசிருக்காது என்று தெரிந்தும்
"ஒரு பேரப் போட்டு வைங்க" என்பார்.
போட்டேன்.
கடவுச்சீட்டில் உள்ளபடி
ராமையாபத்மதேவி, இடைவெளி இல்லாமல்,
குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக.
இரவு பதினொன்று ஐம்பத்தொன்பது வரை
அந்த இருக்கை அவளுக்கு.
பிறகு தானாக விழுந்துவிடும்.
கிலோ குறைந்த நாளில்
மலையில் போடும் அரைப் பேர் மாதிரி.
மூன்றாம் முறை
இரட்டைப் பதிவு என்று கம்பனியே வெட்டியது.

கே மூன்று.
கே ஒன்று.
எம் ஒன்பது, எப்போதும் ஒன்பது,
அந்த ஒன்பதைக் கண்டாலே எரிச்சல் வந்தது.

எட்டாந் திகதி, கடை பூட்டும் நேரம்.
மின்சாரம் ஒரு தரம் போய் வந்தது.
பழக்கத்தில் தேதியை அடித்தேன்.
எல் ஒன்று.

யாரோ பயணத்தை ரத்துச் செய்திருக்கிறார்கள்.
யாருக்கு என்ன ஆயிற்றோ, நான் யோசிக்கவில்லை.
மருதவீரனுக்கு எடுத்தேன், தொடர்பில் இல்லை.
லயத்தில் சிக்னல் வராது,
கோயிலடிப் பாறைக்கு ஏறினால்தான் வரும்.
இந்த மழையில் யார் ஏறுவார்கள்?
நானே பிடித்துவைக்கலாம் என்று
பெயரை அடித்துக்கொண்டிருந்தேன்,
ரா, மை, யா வரை வந்துவிட்டேன்.
பொத்தானை அழுத்தினால்
எல் பூச்சியம்.

மேசையில் அடித்தேன். பிளேன்டீ கவிழ்ந்தது.
ஹட்டனில் ஏழரை என்றால்
அங்கே ஐந்து மணி, வெயில் இன்னும் இருக்கும்.
அந்த இடத்தை எடுத்த கையைத் திட்டிக்கொண்டே
பூட்டிவிட்டு இறங்கினேன்.

காலையில் அவர் குடையில்லாமல் வந்தார்.
போனை நீட்டினார்.
பத்மதேவியின் குரல், பின்னால் பாத்திரச் சத்தம்:
"மேடத்தோட வைஃபையில நானே பாத்துக்கிட்டிருந்தேன்,
பத்து நாளா.
நேத்து சாயந்தரம் ஒண்ணே ஒண்ணு தெறந்துச்சு.
காசு நான் கட்டிட்டேன்.
அந்தக் கடைப் பிள்ளைக்கிட்ட சொல்லிருங்க,
இனிப் பாக்க வேணாம்னு."

என் தரகுப் பணம் போயிற்று.
சரி.
இருக்கைப் படத்தைத் திறந்து காட்டினேன்.
முப்பத்தொன்றாம் வரிசை, நடுவில்
சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கட்டம்.
விரலை அதன்மேல் வைத்தார்,
நகத்துக்குள் கொழுந்துக் கறை.

"ஜன்னல் இல்லையா?"
இல்லை, நடு சீட்டு.

"ரெண்டு பக்கமும் ஆள் இருக்குமா?"
தெரியாது என்றேன்.
பார்த்துச் சொல்லவா என்று கேட்டேன்.
அவர் அதற்குள் படியிறங்கிக்கொண்டிருந்தார்,
கட்டுநாயக்கவுக்கு வேன் எவ்வளவு என்று
கீழே யாரையோ விசாரித்தபடி.