ஏழாம் நிரல்

பதினேழாம் பக்கத்தை மான் தின்றுவிட்டது.

சிரிக்காதீர்கள், திருகோணமலையில் இது நடக்கும்.
போட்டோ கொப்பிக் கடை வாசலில்
மர்சூக்கா தாள்களை மடியில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.
பஸ் நிலையப் பக்கமிருந்து வந்த கொம்பில்லாத ஒன்று
உரிமையோடு இழுத்து மென்றது,
அரசாங்க இலச்சினையோடு சேர்த்து.

தகவல் அறியும் உரிமை என்று எழுதிப்போட்டு
எட்டு மாதமும் ஒரு மேன்முறையீடும் கழித்து
கச்சேரி தந்த அறுபத்திரண்டு பக்கம் அது.
கணினியில் இருந்ததைத்தான் தந்தார்கள்,
அச்சடித்து,
சரித்து, சிலதைத் தலைகீழாக்கி,
எந்தச் சொல்லையும் தேடிப் பிடிக்க முடியாதபடி.

கடைக்கு மேலே ஒற்றை மின்விசிறி அறையில்
ஒவ்வொன்றாய் ரைப் பண்ணினோம்
கரைவலைப் பாடுகளை.
பாட்டின் பெயர். நீளம். எந்த வருசம்வரை வலை இழுத்தார்கள்.
இப்போது யாருடைய வேலி.
சிங்களப் பக்கங்களை வாசித்துச் சொல்ல
அபயபுரத்திலிருந்து சைக்கிளில் வந்தாள் அனுலாவதி.
நாற்பத்தோராம் நிரையில் குரல் நின்றது.
அவளுடைய தகப்பனின் பாடு.
தண்ணீர் குடித்துவிட்டு நாற்பத்திரண்டை வாசித்தாள்.

ஏழாம் நிரலுக்கு ‘சொன்னவர்’ என்று தலைப்பிட்டிருந்தேன்.
எல்லையைக் காட்டியவரின் பெயர்,
அடையாள அட்டை, போன்.
உதவ வந்த கொழும்புப் பொடியன், நல்லவன்தான்,
“எல்லாத்தையும் திறந்து விடுவம் அக்கா” என்றான்,
“திறந்தால்தான் நம்புவினம்.”
அவன் தந்த செயலி இலவசம்.
என் தொடர்புகளைக் கேட்டது,
நான் நிற்கும் இடத்தைக் கேட்டது,
சம்மதம் என்று அழுத்தும்வரை
அடுத்த பக்கம் தர மறுத்தது.
இப்படிக் கேட்டவர்களை எனக்கு முன்பே தெரியும்.
அவர்கள் சப்பாத்தோடு வருவார்கள்.

பட்டியல் என்பது இந்த ஊரில் வெறும் சொல் இல்லை.
வீட்டுக்கு வீடு குடும்பப் படம் எடுத்துப்போன காலம்.
வெயிலில் எங்களை நிரையாய் நிறுத்த,
சாக்குக்குள் இருந்த இரண்டு கண்கள்
சிலருக்கு மட்டும் அசைந்த காலம்.
இன்று தலையாட்டி தேவையில்லை.
பெயர், ஊர், இலக்கம்,
நாங்களே கட்டம் கட்டமாய் நிரப்பி வைத்திருக்கிறோம்
அகரவரிசையில்.

அன்றிரவு ஏழாம் நிரலை அழித்தேன்.
பாடுகளின் புள்ளிகளை அப்படியே விட்டேன்,
வாடிகளின் புள்ளிகளை எடுத்தேன்.
கரை எல்லாருக்கும் தெரியட்டும்.
கரையில் யார் எங்கே படுக்கிறார்கள் என்பது
யாருக்கு, எதற்கு?
நிம்மதியாய் நித்திரை கொண்டேன்.
அதுதான் பிழை.

ஒன்பதாம் நிரை, யேசுராணி,
மீன் கூடையோடு படியேறி வந்தாள்.
“என்ர பேரை ஏன் எடுத்தனீ?”
பாதுகாப்பு என்றேன்.
“என்னட்டக் கேட்டனியோ?”
கேட்கவில்லை.
“என்ர மனுசனைக் கேட்டோ பட்டியல்ல போட்டவங்கள்?
பிறகு விட்ட ஆக்களின்ர பட்டியல் ஒண்டிலயும்
அந்தாளின்ர பேர் இல்லை.
போடு பிள்ளை. முழுப்பேர். இனிசலோட.”
போன் இலக்கம்?
“அது வேண்டாம்,” சிரித்தாள்,
“கண்டவனும் மீன் விலை கேட்பான்.”

பிறகு எல்லாரிடமும் போனோம்,
வேலை முடித்து ஆறும் நேரம் பார்த்து,
அவரவர் நிரையை அவரவர் மொழியில் வாசித்துக் காட்ட.
பதினொரு நாள் எடுத்தது.
இருவர் முற்றாக விலகினார்கள். காரணம் கேட்கவில்லை.

கோப்பு இப்போது வெளியில் கிடக்கிறது.
யாரும் இறக்கலாம், எண்ணலாம்,
பிழை பிடிக்கலாம்.
ஏழாம் நிரல் நீளத்துக்கும் வெள்ளை,
ஒன்பதில் மட்டும் ஒரு பெயர்,
இனிசலோடு.
அடிக்குறிப்பு மர்சூக்கா எழுதியது:

பக்கம் 17 இல்லை.
மான் தின்றது.
மறுபடி கேட்டிருக்கிறோம்.