இதர செலவுகள்

காவேரிப்பட்டணம் சாலையில், தென்பெண்ணைக்கு இப்பால்,
மாங்கூழ் ஆலையில் கணக்கெழுதுகிறவள் நான்.
ஆனி முழுக்க என் பேரேட்டில் ஈ மொய்க்கும்.

கடலுக்கு அப்பால் ஏதோ துறைமுகத்தில்
ஒரு டின் உப்பினால் போதும்,
மறுநாள் காலை எனக்கு மெயில் வந்துவிடும்.
மூடியில் குத்திய எண்ணைப் பார்த்துச் சொல்வேன்:
பதினெட்டாம் தேதி, இரவு ஷிப்ட், மூன்றாவது கொதிகலன்,
நின்றவன் சின்னமாது,
பழம் சந்தூர் முனிரத்தினம் தோப்பு,
லாரி உள்ளே வந்தது மாலை நாலே கால்.
சின்னமாதுவுக்கு அரைநாள் கூலி பிடித்தோம்.
இன்றுவரை என்னோடு பேசுவதில்லை அவன்.

இந்த வாரம் வந்தது மெயில் அல்ல.
அயல்நாட்டு நீதிமன்றத்தின் உறை,
அரக்கு முத்திரை உடையாமல்.
உங்கள் ஏற்றுமதி மேலாளர் ரகோத்தமன்
உங்கள் ஊழியர்தானா?

ஒரே முறை பார்த்திருக்கிறேன் அவனை.
பங்குனியில், பழமே இல்லாத நாளில்
ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்தான்.
பிரிக்ஸ் எவ்வளவு இருக்கணும் என்று சும்மா கேட்டேன்.
சிரித்தான்.
இனிப்பைப் பற்றிக் கேட்கிறேன் என்றுகூடத் தெரியவில்லை.
போகும்போது முகவரி அச்சடித்த தாள் ஒரு கட்டு,
மாதிரி டின் ஆறு.
ஆறுக்கும் ரசீது போட்டேன்.

உறைக்குள் மொழிபெயர்ப்பும் இருந்தது.
செல்போன் பழுதுபார்க்கும் கடை. மேலே மூன்றாம் மாடிப் படிக்கட்டு.
இரண்டு குண்டு.
செத்தவன் இங்கே தேடப்பட்டவன் என்கிறார்கள்.
இருக்கலாம். எனக்குத் தெரியாது.
அந்தப் படிக்கட்டைக் கழுவிய பெண்ணுக்கும் தெரியாதாம்,
சாட்சியத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.
அவள் ஊரில் அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது,
நம்மூரில் இருப்பது போல.
டெல்லி சொன்னது ஒரே வரி:
அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை.

புதன்கிழமை ஒருவர் வந்தார்.
வண்டி கர்நாடகப் பதிவு, பேச்சு சுத்தமான தமிழ்.
ஜூஸ் வேண்டாம், சர்க்கரை இருக்கு என்றார்.
"சின்ன வேலைம்மா. அவன் பேர்ல
இருபத்தாறு மாசச் சம்பளம் எழுதிடுங்க, பழைய தேதியில.
இதர செலவுகள்ல போடலாமே."

"வவுச்சர்?"
"என்ன?"
"யார் அனுப்பினாங்க, எதுக்கு அனுப்பினாங்க, யார் அனுமதி.
மூணு கையெழுத்து இல்லாம
நூறு ரூபா டீசல்கூட எழுத மாட்டேன் சார்."

அவர் முதலாளியைப் பார்த்தார்.
முதலாளி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.
கிலோ நாலு ரூபாய்க்கும் போகாமல்
பழத்தை ரோட்டோரம் கொட்டிய வருஷம் அது.
வங்கிக் கடன் இருந்தது.
உரிமம் புதுப்பிக்கவேண்டி இருந்தது.
இதையெல்லாம் வந்தவர் சொல்லவே இல்லை,
சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

நாளைக்கே எவனோ ஒரு தேசத்தான்
பழையபேட்டைச் சந்தில் ஒருவனைச் சாய்த்துவிட்டு
தக்காளி வாங்க வந்தேன் என்றால்,
அவன் தேசமும் ஒரே வரியில் பதில் சொன்னால்,
எந்தக் கதவைப் போய்த் தட்டுவோம்?
கேட்க நினைத்தேன்.
கேட்டது வவுச்சர் மட்டும்தான்.

முதலாளியே எழுதினார்.
இருபத்தாறு வரி, கீழே போகப்போகச் சரிந்துகொண்டே.
வந்தவர் தன் பேனாவைத்தான் கொடுத்தார்,
திரும்ப வாங்கி, துடைத்து, பையில் செருகிக்கொண்டார்.

பூட்டும் முன் பேரேட்டின் ஓரத்தில்
பென்சிலால் எழுதினேன், ரசீது வரவில்லை என்று.
ரப்பர் போட்டாலும் பள்ளம் இருக்கும்படி
அழுத்தி.

வெளியே சின்னமாது கொதிகலனைக் கழுவிக்கொண்டிருந்தான்.
அந்த அரைநாள் கூலியை
என் பணத்திலிருந்து எடுத்து நீட்டினேன்.
எந்தக் கணக்குல என்று கேட்டான்,
இத்தனை நாளுக்குப் பிறகு ஒரு பேச்சு.
வாங்கிக்கொள்ளவில்லை.